ஈரல் இல்லாத மான்

பெந்தெகொஸ்தே விருந்துக்கு நான் சுட்ட மான்தான் கறி என்று சபை நடுவில் எழும்பி நின்று அறிவித்தவன் நான். அறிவித்தது பெப்ரவரியில். மான் சுட அனுமதி மே பதினாறில். இடையில் மூன்று மாதம் கிடந்ததால் துணிச்சல் தாராளமாக வந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் சபாரத்தினம் அண்ணை. எங்கள் ஹொல்ஸ்டெப்ரோ தமிழ்ச் சபையில் அவர்தான் மூத்தவர். அவருடைய வாய் அவரைவிட மூத்தது. வேட்டை லைசென்ஸ் சோதனையை நான் மூன்றாவது முறை எழுதிப் பாஸ் பண்ணிய செய்தி காதில் விழுந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படியாக விசாரித்தார்.

"தேவநாயகம், மான் உமக்குப் பயப்பிடுமோ, நீர் மானுக்குப் பயப்பிடுவீரோ?"

சபை சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். அந்த நிமிடமே என் மானம் ஏதோ ஒரு மானின் கொம்பில் போய்த் தொங்கத் தொடங்கியது. அதை இறக்கி எடுக்காமல் இனி இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கமலர் காரை ஓட்டிக்கொண்டே கேட்டா.

"தோசை சுட்டாலே கருக்கிப்போடுறியள். மான் சுடப் போறியளோ?"

"அது வேறை சுடுறது, மலர்."

"எந்தச் சுடுறதெண்டாலும் கை ஒண்டுதானே."

தங்கமலர் என் மனைவி. மற்றவர்களிடம் அவவைப்பற்றிப் பேசும்போது 'அவள்' என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 'அவ' என்றுதான் சொல்வேன். யாழ்ப்பாணத்து மரியாதை பாதி, பயம் மீதி. அவ பதினெட்டு வருடமாகப் பன்றி வெட்டும் ஆலையில் எலும்பு பிரிக்கும் வரிசையில் நிற்கிறா. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் விரல் அகலக் கத்தி. அப்படிப்பட்டவவோடு வாக்குவாதம் செய்ய நான் என்ன மடையனா?

ஏப்ரல் முழுவதும் சாமான் சேர்த்தேன். பச்சை ஜாக்கெட். பச்சைக் காற்சட்டை. பச்சைத் தொப்பி. பைனாகுலர். துவக்கைத் தாங்கிப் பிடிக்க மூன்றுகால் தடி. பெண்மான்போலக் கத்தும் ஒரு ஊதுகுழல். குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு அதை ஊதிப் பழகினேன். அப்பாவுக்கு வயிற்றுவலியா, டொக்டரைக் கூப்பிடட்டுமா என்று மகள் மிரியம் வெளியே நின்று டேனிஷில் கேட்டாள்.

துவக்கு மட்டும் இரவல். என்னோடு ஜன்னல் பக்டரியில் வேலை செய்யும் ஹென்னிங் தந்தார். காடு அவருடையது, ஏறி இருந்து சுடும் மர ஏணி அவருடையது, அறிவுரையும் அவருடையது. மானுக்கு மூக்குத்தான் கண் என்றார். காற்று எப்போதும் உன் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் வீட்டுக்குப் போய்விடு என்றார். சவர்க்காரம் வேண்டாம், சென்ட் வேண்டாம், தலைக்கு எண்ணெய் வேண்டாம். ஊதுகுழலைக் காட்டினேன். அது மான்கள் சோடி சேரும் காலத்துக்கு உரியது, இப்போது ஊதினால் பக்கத்துப் பண்ணை நாய்தான் வரும் என்றார்.

மூன்று நாள் சவர்க்காரம் போடாமல் திரிந்தேன்.

"இஞ்சருங்கோ, துவக்கு எதுக்கு?" தங்கமலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டா. "மானுக்குக் கிட்டப் போய் நிண்டாலே காணுமே."

மே பதினாறு, சனிக்கிழமை. விடியக்காலையில் ஹென்னிங் என்னை ஏணியில் ஏற்றிவிட்டு "க்னெக் ஓ ப்ரெக்" என்று வாழ்த்தினார். எனக்குத் திக்கென்றது. நான் படித்த டேனிஷில் க்னெக் என்றால் முறிவு, ப்ரெக் என்றால் வாந்தி. முறிந்துபோய் வாந்தி எடு என்று ஒரு மனிதன் இன்னொரு மனிதனை வாழ்த்துவானா? வேட்டைக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லும் வாழ்த்தே அதுதானாம். அவர் அடுத்த பற்றைக் காட்டுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் ஒரே ஒரு வெடி கேட்டது. அவருக்கு ஆண்மான் ஒன்று விழுந்தது. அதன் பக்கத்தில் ஒரு கொப்பை முறித்துத் தொப்பியில் சொருகிக்கொண்டார். சுட்டவருக்கு மட்டும் உரிய மரியாதை அந்தப் பச்சைக் கொப்பு.

என் தொப்பி மொட்டையாகவே இருந்தது. சனி போனது, ஞாயிறு போனது, செவ்வாய் போனது. ஒரு மான்கூட வரவில்லை. ஹென்னிங் என் ஜாக்கெட்டை முகர்ந்து பார்த்தார். அது தொங்குவது எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால். அங்கேதான் தங்கமலர் கருவாடு பொரிக்கிறா.

புதன் இரவு முழுக்க ஜாக்கெட்டை வெளியே தொங்கவிட்டேன். வியாழன் விடிய, புல்லில் பனிப்புகார் படுத்திருந்தது. நான் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தேன். மான் நின்றது.

நடந்து வந்ததை நான் காணவில்லை. இல்லாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். செம்மண் நிறம். சின்னக் கொம்பு, அதில் பனித்துளி. மூச்சு விட மூக்கிலிருந்து வெண்புகை போனது. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைத்தது. தலையை நிமிர்த்தி நேரே என்னைப் பார்த்தது. ஐம்பத்திரண்டு வயதில் இவ்வளவு வடிவான ஒன்று என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தரம். கர்த்தரே, இதை எப்படிச் செய்தீர் என்று கேட்கத் தோன்றியது. கையில் துவக்கு இருந்ததே நினைவுக்கு வரவில்லை. நினைவு வந்தபோது மான் இல்லை.

மரியாதையாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விருந்து ஞாயிற்றுக்கிழமை. கண் முன்னே சபாரத்தினம் அண்ணையின் வாய் தெரிந்தது. ஹென்னிங் வீட்டுக்குப் போனேன். அவருடைய குளிர் அறையில் சனிக்கிழமை மான் தோலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை எனக்குத் தாருங்கோ. என்ன வேணுமோ கேளுங்கோ."

அவர் யோசிக்கவே இல்லை. போன நத்தார்ப் பண்டிகைக்கு மலர் இறைச்சி வைத்துப் பொரித்து, நான் பக்டரிக்குக் கொண்டுபோன றோல்ஸ் நினைவில் இருந்திருக்கிறது. மூன்று பெரிய தட்டு றோல்ஸ் என்றார். கை குலுக்கினோம்.

வழியில் காரை நிறுத்தி ஒரு கொப்பை முறித்து என் தொப்பியில் சொருகினேன்.

"தொப்பியிலை என்ன, குருவி கூடு கட்டுதோ?" என்றபடி தங்கமலர் வாசலுக்கு வந்தா. காருக்குள் மானைக் கண்டதும் பேச்சு நின்றது. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அவ பேச்சு நின்ற முதலாவது நாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காராஜில் கொளுவியில் மானைத் தொங்கவிட்டோம். அவ இரும்புக் கையுறையைப் போட்டா. மானின் வயிற்றுக்குள் கையை விட்டா. ஒரு நிமிடம் கையை எடுக்கவில்லை.

"எத்தினை மணிக்குச் சுட்டனீங்கள்?"

"அஞ்சு மணிக்கு."

"இண்டைக்கோ?"

"வேறை எண்டைக்கு?"

"பிறிட்ஜுக்குள்ளை இருந்தமாதிரிக் குளிருது."

"காலமை நல்ல குளிர், மலர்."

"ம்." காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தா. "ஈரல் எங்கை?"

ஈரலை ஹென்னிங் சனிக்கிழமையே வெங்காயத்தோடு பொரித்துத் தின்றுவிட்டார். அதை நான் எப்படிச் சொல்வது?

"காட்டிலை விட்டிட்டன். நரிக்கு."

"நீங்கள்? ஈரலை? நரிக்கு?"

"பாவம், குட்டி போட்ட நரி."

கத்தியை எடுத்தா. பின்னங்கால்களில் வட்டமாக ஒரு கீறு. அதற்குப் பிறகு தோலுக்குக் கத்தியே தேவைப்படவில்லை. நித்திரையான பிள்ளைக்குச் சட்டை கழற்றுவதுபோல மெல்ல உருவி எடுத்தா. முதுகெலும்பை ஒட்டி ஒரே இழுவை, நீளமான இறைச்சித்துண்டு முழுசாகக் கையில் வந்தது. தொடையில் தசையும் தசையும் சேரும் இடத்தில் விரலை விட்டா, தொடை தானாகப் பிரிந்தது. மேலே ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வை நாடாபோல உரித்துப் போட்டா. முன்காலும் கழுத்தும் எலும்போடு கறிக்கு, தொடை பொரியலுக்கு, கொத்தல் இறைச்சி வேறாக, எலும்பு ரசத்துக்கு. ஒன்றரை மணித்தியாலத்தில் கொளுவியில் ஒன்றுமில்லை, மேசையில் எல்லாம் இருந்தது. நிலத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். விடியக்காலையில் அந்த மானுக்கு முன்னால் எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன். இந்த மனுசி இதை ஒவ்வொரு நாளும் செய்துவிட்டு வந்து எனக்குச் சோறும் போடுகிறா என்று நினைக்க உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

"மானைக் கண்ட நேரம் எப்பிடி இருந்தது?" கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டா.

அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன். புகார், பனித்துளி, தூக்கிய கால், மூக்கிலிருந்து போன புகை. அவ கத்தியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. கண் என் முகத்திலேயே இருந்தது.

"அவ்வளவு வடிவானதைச் சுட்டனீங்களோ?"

உண்மையைச் சொல்லக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போயிருக்கலாம்.

"சுட்டன்," என்றேன்.

"சரி."

இனி றோல்ஸ்.

"மலர், ஹென்னிங்குக்கு மூண்டு தட்டு றோல்ஸ் செய்து குடுப்பமே? மானைக் காருக்குத் தூக்கித் தந்தவர்."

"இதை நான் ஒரு கையாலை தூக்குவன். மூண்டு தட்டோ?"

"நல்ல மனிசன்."

"செய்யிறன். ஆனா பொரிச்ச ஆள்தான் கொண்டுபோய்க் குடுக்கிறது."

வேண்டாம் என்றேன், நானே கொண்டுபோகிறேன் என்றேன், கார் பழுது என்றேன். வெள்ளி பின்னேரம் அவ அந்தக் காரிலேயே போனா. அரை மணித்தியாலம் நான் வாசலில் நின்றேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டு ஒரு வசனம்தான் சொன்னா.

"நீங்கள் சொன்னது சரி. நல்ல மனிசன்."

முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. தப்பிவிட்டேன் என்று நம்பினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் விருந்து. வறுத்த தூளும் றம்பை இலையும் போட்டு ஐந்து மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் கிடந்த கறி. மூடியைத் திறந்தபோது எல்லோரும் தட்டோடு எழும்பினார்கள். சபாரத்தினம் அண்ணை இரண்டாம் தரம் வாங்கினார். மூன்றாம் தரம் பேசாமல் வாங்கினார். கொப்புச் சொருகிய தொப்பியோடு நான் மேசைக்கு மேசை உலாவினேன். வாசல்பக்கம் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஹென்னிங் வந்துகொண்டிருந்தார். கோட்டும் சூட்டும். தலையில் பச்சைத் தொப்பி, அதில் அவருடைய கொப்பு.

"நான்தான் வரச்சொன்னனான்," என்றா தங்கமலர் சோறு போட்டுக்கொண்டே. "நன்றி சொல்ல வேணுமெல்லோ?"

அவரை மிரியத்துக்குப் பக்கத்தில் இருத்தினா. பாஸ்டர் சொல்வதையெல்லாம் மிரியம் அவர் காதில் டேனிஷில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. பாஸ்டர் எழும்பினார்.

"சகோதரி தங்கமலர் கேட்டபடி, இந்த மானைச் சுட்டவர் எழும்பி நிண்டு ஒரு சாட்சி சொல்லட்டும்."

நான் எழும்பினேன். மிரியம் குனிந்து காதில் சொன்னாள். ஹென்னிங் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக, அவரும் எழும்பினார்.

ஒரு மான். இரண்டு கொப்பு. முறிவு வந்துவிட்டது, வாந்தி தொண்டைவரை வந்து நின்றது.

"ஒரு மானை எத்தினை பேர் சுட்டவை?" என்றார் சபாரத்தினம் அண்ணை. வாய் நிறையக் கறி.

ஹென்னிங் நிதானமாகப் பேசினார். மிரியம் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "சுட்டது ஹென்னிங். சனிக்கிழமை. ஆனா மான் இப்ப அவரின்ரை இல்லையாம். மூண்டு தட்டு றோல்ஸுக்கு வித்தாச்சாம். றோல்ஸ் அம்மா செய்தது."

மண்டபம் என்னைப் பார்த்தது. சாட்சி சொல்ல எழும்பியவன் பொய் சொல்லிவிட்டு எப்படி இருப்பது?

"நான் கண்டனான், அண்ணை. வியாழக்கிழமை விடிய. துவக்கு கையிலைதான் இருந்தது. அது என்னைப் பாத்தது. சுட மனம் வரேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கமலர் அகப்பையை வைத்தா.

"இதைக் காராஜிலையே சொல்லியிருக்கலாமே," என்றா மெதுவாக. "பத்து விரலும் எரிய மூண்டு தட்டுப் பொரிச்சனான்."

ஹென்னிங் எதையோ விளங்கிக்கொண்டவர்போல என் தொப்பியிலிருந்து கொப்பை எடுத்தார். தங்கமலருக்கு முன்னால் போய்க் குனிந்து நீட்டினார். அவ அதைக் கொண்டையில் சொருகினா.

சபாரத்தினம் அண்ணை விடுவாரா?

"எல்லாம் சரி, தம்பி. கடைசியிலை இது ஆரின்ரை மான்? உம்மடை வாயாலை ஒருக்கால் சொல்லும்."

அவவின்ரை மான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவவின் கொண்டையில் கொப்பைப் பார்த்ததில் நடுச்சொல் விழுந்துவிட்டது.

"அவ... மான்..."

"ஆமென்!" என்றது சபை.