உப்பு, புளி, மஞ்சள், நாற்பது ஜிலேபி

செவ்வாய்க்கிழமை காலை செல்லதுரை மொட்டைமாடிக்கு ஏறியபோது, தொட்டியிலிருந்த நாற்பது ஜிலேபி மீன்களும் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மகள் இலக்கியாவின் போன் வந்தது.

"அப்பா, சனிக்கிழமை நானும் அவரும் வரோம். மீனெல்லாம் எப்படி இருக்கு?"

"பாட்டுப் பாடிக்கிட்டு இருக்குங்க."

"நேரத்துக்குத் தீனி போடுறீங்களா? தண்ணி சூடு கைவச்சுப் பாக்குறீங்களா? மோட்டார் சத்தம் நின்னா எழுந்து போய்ப் பாக்குறீங்களா?"

"எல்லாம் பாக்குறேன்."

"அதுங்ககிட்டப் பேசுறீங்களா?"

"மீன்கிட்டயா?"

"பேசுங்கப்பா. ஒன்னு கொறஞ்சாலும் மறுபேச்சில்லாம எங்களோட சென்னைக்குக் கிளம்பிடணும், ஞாபகம் இருக்குல்ல?"

சிமெண்ட் ஆலையில் ஆயிரத்து நானூறு டிகிரி சூளையை முப்பது வருடம் கட்டி மேய்த்த மனிதருக்கு, அரிசி வேக எத்தனை விசில் என்று தெரியாது. மனைவி சுமதி இறந்த பிறகுதான் இந்த உண்மை வெளியே வந்தது. எட்டு மாதமாக மகள் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே பன்னிரண்டாவது மாடியில் அவருக்கென்று ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும் தயார். செல்லதுரைக்கோ அரியலூரில், சுமதி இருந்த இதே வீட்டில் சாக வேண்டும், அதுவும் நிதானமாக. ஆவணியில் மகளே இந்தத் தொட்டியை அனுப்பி நிபந்தனை போட்டாள்: நாற்பதையும் உயிரோடு வைத்திருந்தால் அவர் இங்கேயே இருக்கலாம்.

ஏற்பாடு எளிமையானது. மீன் கழிவுத் தண்ணீரை மோட்டார் கூழாங்கல் பாத்திக்கு ஏற்றும். பாத்தியிலிருக்கும் கீரை கழிவைத் தின்றுவிட்டு, சுத்தமான தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். செல்லதுரை அதில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்திருந்தார். ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சும்மா கிடக்கும்போது கூழாங்கல்லை விலைக்கு வாங்க அவர் என்ன வெளியூர்க்காரரா?

மீன்தீவனக் கடை வெற்றிச்செல்வி தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

"சுண்ணாம்புக்கல்லயா போட்டீங்க? தண்ணி கெட்டுப்போச்சு சார், அதான் மூச்சு முட்டுது. மொதல்ல கல்ல எடுங்க. புளிப்பா ஒரு மருந்து இருக்கு, அத வச்சு முறிச்சுடலாம்..."

செல்லதுரை 'புளிப்பு' என்ற சொல்லோடு போனை வைத்துவிட்டார். சமையலறையில் ஒரு டப்பாவின் மேல் சுமதியின் கையெழுத்து: 'பழைய புளி. குழம்புக்கு மட்டும்.'

"இன்னிக்கு ஒருநாள் விட்டுக்குடு" என்று டப்பாவிடம் சொல்லிவிட்டு, அரைக் கிலோவையும் கரைத்து ஊற்றினார்.

புதன்கிழமை மூன்று மீன் மிதந்தன.

"புளியவா கரைச்சீங்க!" என்றாள் வெற்றிச்செல்வி. "ஒரு கை கல்லுப்பாச்சும் போடுங்க, தெம்பு வரும். அந்தக் கல்ல எடுத்தீங்களா?"

ஒரு கை என்பதைச் செல்லதுரை சிமெண்ட் ஆலைக் கணக்கில் புரிந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் கீரை மொத்தமாகப் படுத்துவிட்டது. வியாழக்கிழமை மீன்களின் மேல் வெள்ளைத் திட்டு வந்தது. திட்டுக்கு மஞ்சள்தூள் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். தீவனத்தில் பூண்டை நசுக்கிப் போடச் சொன்னதும் அதே மகான்தான்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருதாயி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏண்ணே, புளி, உப்பு, மஞ்சள், பூண்டு எல்லாம் போட்டாச்சு. கடுகு தாளிச்சுக் கொட்டிட்டா எறக்கிடலாமே?"

"இது வைத்தியம்மா."

"நல்ல வைத்தியம். பொரட்டாசி வெரதம் இருக்கேன், வாசனையிலயே கெடுத்துடுவீங்க போல."

வெள்ளிக்கிழமை காலை எண்ணினார். முப்பத்தொன்று. இன்னொரு தடவை எண்ணினார். மீன்கள் மனம் மாறவில்லை.

மூன்று நாளாக வெற்றிச்செல்வி சொல்லிவந்ததை அன்றுதான் செய்தார். கல்லை அள்ளிக் கொட்டினார், தண்ணீரை மாற்றினார். முப்பத்தொன்றும் வாயை மூடிக்கொண்டு நீந்தத் தொடங்கின. மீதி ஒன்பதுக்கு எங்கே போவது? கல்லங்குறிச்சிப் பெருமாளுக்காக ஊரே கவுச்சியை விட்டிருந்தது. மீன்கடைகளில் பூட்டுதான் தொங்கியது. மீன்சுருட்டி வரை பஸ்ஸில் போய், ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவரைக் கெஞ்சி, ஒன்பது ஜிலேபியைக் குடத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"கொடத்துல என்ன பெரியவரே?" என்றார் கண்டக்டர்.

"தீர்த்தம்."

குடம் ஒரு துள்ளு துள்ளியது.

"சக்தியுள்ள தீர்த்தமாத்தான் இருக்கு" என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார்.

அன்று சாயங்காலம் தொட்டியோரம் உட்கார்ந்து, பழைய மீன்களுக்குப் புது மீன்களை அறிமுகப்படுத்திவைத்தார். மகள் சொன்னவற்றில் இந்தப் பேச்சு ஒன்றைத்தான் அவர் ஒழுங்காகச் செய்துவந்தார். பேசுவதற்கு வீட்டில் வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை காரிலிருந்து இறங்கிய இலக்கியா மாடி ஏறவில்லை. கீழேயே உட்கார்ந்துகொண்டு கணவனை அனுப்பினாள். மகேஷ் அதிகம் பேசாத மாப்பிள்ளை. ஆடிட்டர் ஆபீஸில் வேலை என்பதால் இரண்டு முறை எண்ணினான்.

"நாப்பது. சரியா இருக்கு மாமா. ஆனா ஒம்போது மட்டும் என்ன ரெட்டை சைஸு?"

"அதுங்க... வஞ்சனையில்லாம சாப்பிடும் மாப்ள."

பக்கத்து மாடியில் மருதாயிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

கீழே வந்து மகேஷ் தலையாட்டியதும் இலக்கியாவின் கண் கலங்கிவிட்டது. "நீங்களே சொல்லுங்க" என்று கணவனிடம் கைகாட்டினாள்.

"நீங்க சென்னைக்கு வர வேணாம் மாமா. இங்கயே இருங்க."

செல்லதுரை சுவரிலிருந்த சுமதியின் படத்தைப் பார்த்தார். ஜெயித்தாயிற்று. இனி ஒருத்தரும் இந்த வீட்டை விட்டு அவரைக் கிளப்ப முடியாது.

மகேஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாப்பதுல ஒன்னைக்கூட நீங்க சாக விடல. அதான் மாமா, பங்குனியில பொறக்கப்போற எங்க புள்ளய உங்ககிட்டயே வளக்க விட்டுட்டு இலக்கியா தைரியமா வேலைக்குப் போகலாம்னு முடிவு பண்ணிட்டோம்."