ஜ்வாலாமாலினி கைப்பை தரித்த சருக்கம்

எட்டுத் திக்கும் செவி சாய்க்கட்டும். பிற்பகலில் அண்ணாமலையின் நிழல் வந்து படியும் தெருவில், ஆதிராஜ நயினாரின் மூத்த மகளாகப் பிறந்தவளும், இரட்டைச் சடையாளும், ஆங்கிலத் தட்டச்சில் லோயர் தேர்வை ஒருமுறை எழுதித் தோற்று மறுமுறைக்குப் படை திரட்டிக்கொண்டிருந்தவளும், அத்தெருக் கன்னியரில் முதன்முதலாகக் கைப்பை தரித்தவளுமாகிய ஜ்வாலாமாலினி வாழ்க. அவள் இடது தோளில் தொங்கிய வார் வாழ்க. அவ்வாரில் இரட்டைத் தையல் ஓட்டிய ஊசி வாழ்க. அவளுடைய எதிரிக்கும் ஒரு சிறு வாழ்த்து இருக்கட்டும். எதிரி இல்லாவிட்டால் இவளை யார் பாடப்போகிறார்கள்.

நாயகியின் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. விலங்கின் தோலால் ஆன எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. சமணர்களான நயினார் வீடுகள் பலவற்றிலும் உள்ள சட்டம்தான் என்றாலும், ஜ்வாலாமாலினியின் தாய் ராஜமதி அம்மாள் அதைக் காத்த விதம் கோட்டைக் காவலர்களும் வந்து பாடம் கேட்கத்தக்கது. கணவரின் கைக்கடிகாரத்துக்கு எஃகுச் சங்கிலி. காலுக்கு ரப்பர் செருப்பு. ஆரணியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இடுப்பு பெல்ட்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடியே மறுகையால் விருந்து உண்டு, பாயசத்துக்கு மறுபடி கை நீட்டத் துணியாமல் எழுந்துபோன வரலாற்றைத் தெருவே அறியும்.

அத்தகைய கோட்டைக்குள்ளிருந்துதான் ஜ்வாலாமாலினி ஒரு கைப்பைக்கு ஆசைப்பட்டாள். அந்த ஆசையை யாரும் அற்பமென்று நினைக்கவேண்டாம். ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் குழாயடிக்குப் போகிறாள் என்று தெரு சொல்லிவிடும். தூக்குப் பாத்திரத்தை எடுத்தால் பாலுக்கு. பூக்கூடையை எடுத்தால் கோயிலுக்கு. ஆனால் தோளில் ஒரு கைப்பையை மாட்டிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு போகிறவளைப் பார்த்து, இவள் எங்கே போகிறாள், உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று எந்தத் தெருவாலும் சொல்ல முடியாது. கைப்பையின் மாண்பு முழுவதும் அந்தச் சொல்லமுடியாமையில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு கைக்குட்டையும் சீப்பும் மட்டுமே இருந்தன என்பது வேறு விஷயம்.

ஆயுதம் பிறந்த கதையைச் சொல்வோம். தேரடிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கும் மூர்த்தி என்பவனிடம் தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள். காப்பிக்கொட்டை நிற ரெக்சின் சுருள் ஒன்றை அவன் விரித்தான். ராஜமதி அம்மாள் அதை முகர்ந்தாள். நகத்தால் கீறினாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் நூல் நெசவு தெரிந்த பிறகே, இது எந்த உயிரையும் வருத்திப் பிறந்ததல்ல என்று தெளிந்து, தைக்க அனுமதி அளித்தாள். மூர்த்தி அதுவரை தைத்த சீட்டுகளிலெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்தார்களே தவிர, ஒருவரும் அவன் தையலைப் பார்த்ததில்லை. அந்த ஏக்கமெல்லாம் இந்தப் பையில் இறங்கியது. நாலு மூலையும் வட்டமாக வளைந்தன. வாயில் பித்தளைப் பூட்டு ஏறியது. உள்ளே சிவப்புத் துணி உள்விரிப்பும், வடிவம் குலையாதிருக்க அட்டையும், மூன்று அறைகளும் அமைந்தன. அந்தப் பூட்டு மூடும்போது 'டிக்' என்று ஓர் ஓசை எழும். வில்லின் நாணொலி கேட்டு வேந்தர்கள் நடுங்கியதாகச் சொல்வார்களே, அது இருக்கட்டும். இந்த ஓசை கேட்டு, மாடியில் நடந்த தட்டச்சு வகுப்பில் ஏழெட்டுப் பேர் விசையைத் தவறாக அடித்தார்கள்.

இனி எதிரி வருகிறாள், வழி விடுங்கள். லாட்ஜ் உரிமையாளர் பலராமனின் மகள், பட்டன் வைத்த நீளக்கை ரவிக்கை உடுத்தவள், நெற்றியில் சாந்துக்குப் பதில் ஒட்டுப்பொட்டு வைப்பதை அந்த மாடிப்படிகளுக்கு அறிமுகம் செய்தவள், திரௌபதி. அவள் தோளிலும் ஒரு பை தொங்கியது. சென்னையில் வாங்கியது. கருப்பு. அசல் தோல். அவள் படியேறும்போது பையின் வாசனை முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். அவள் பிறகுதான் வருவாள்.

அன்று தட்டச்சு இயந்திரங்கள் போர்முரசம்போல் ஒருசேர முழங்கிக்கொண்டிருந்தன. திரௌபதி நாயகியின் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு விரலால் பையின் விளிம்பைப் பிடித்துப் பார்த்தாள். புடவைக் கடையில் வாங்க நினைக்காத புடவையைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பிடி.

"ரெக்சினா?" என்று கேட்டாள்.

அகந்தையும் அறமும் ஒரு கன்னியின் நாவின் மேல் நின்று மல்லாடின. 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் இந்தச் சருக்கம் இவ்விடத்திலேயே முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சுற்றிலும் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் அவள் விடைக்காகக் காத்திருந்தார்கள்.

"தோலு," என்றாள் ஜ்வாலாமாலினி. "அசல்."

எறும்பு மிதிபடாமல் நடக்கக் கற்ற குலத்தின் மகள், செய்யாத கொலையைச் செய்ததாக, யாரும் அடிக்காமலே ஒப்புக்கொண்டாள். உலகில் கொன்றதை மறைத்தவர் உண்டு. கொல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

அதன்பின் வாழ்வு கடினமாயிற்று. உள்ளூரில் ஒரே பை இரண்டு பிறவி எடுத்தது. வீட்டில் அது ரெக்சின். அரிசி டிரம்மின் மேல், தாயின் கண்ணெதிரே, குற்றமற்றுத் தூங்கும். மாடிப்படி ஏறியதும் அது தோல். அதற்குரிய பராமரிப்பெல்லாம் அதற்கு வேண்டும். திரௌபதி வெள்ளிக்கிழமைதோறும் தன் பைக்குத் தேங்காயெண்ணெய் தடவுவதாகச் சொல்ல, இவளும் தடவினாள். தோல் எண்ணெயைக் குடிக்கும். ரெக்சின் குடிக்காது. வார் வழுக்கி வழுக்கித் தோளிலிருந்து இறங்க, அவள் ஒரு தோளை உயர்த்தியே நடக்கப் பழகினாள். அந்த நடையைப் புதுப் பாணியென்று எண்ணி இரண்டு பெண்கள் அப்படியே நடக்க ஆரம்பித்ததுதான் நாகரிகத்தின் வரலாறு. வாசனைக்கு என்ன செய்வது? செருப்புக் கடை வாசலில் நின்று, யாருக்கோ காத்திருப்பவள்போல் தெருவைப் பார்த்தபடி, பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சமாவது உள்ளே போகாதா என்ற நம்பிக்கை. கடைக்காரர் காசு கேட்கிறாள் என்று நினைத்து, கை நீட்டிச் சில்லறை போடப் போனார்.

ஐப்பசி மாதம் வந்தது. மலைக்குப் பின்னாலிருந்து மேகங்கள் யானைப்படைபோல் இறங்கின. வகுப்பு விட்டு இருவரும் தெருவில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. தோல்பை வைத்திருப்பவள் என்ன செய்வாளோ அதைத் திரௌபதி செய்தாள்: பையைத் தாவணிக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். மழைக்கு அஞ்சாத பை வைத்திருந்த நம் நாயகியும் அதையே செய்தாகவேண்டியிருந்தது. தலைக்குப் பிடித்தால் குடையாக உதவியிருக்கக்கூடிய ஒன்றை மார்போடு அணைத்து, குழந்தையைக் காக்கும் தாய்போல் குனிந்து, தான் முற்றிலும் நனைந்து, அதன்மேல் ஒரு துளி படாமல் காத்து ஓடினாள். அவள் வீடுதான் அருகில் இருந்தது. அந்த ஆபத்தை அவள் நினைத்துப் பார்ப்பதற்குள் இருவரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள்.

வாசற்கூரைக்கு அடியில் ஓர் ஆணி. அதற்குக் கீழே, சற்றுத் தள்ளி, கால் கழுவும் சிமெண்டுத் தொட்டி. கதவை ராஜமதி அம்மாள் திறந்தாள்.

திரௌபதி வளர்ப்பில் குறை சொல்ல முடியாது. எந்த வீட்டில் எப்படி நடக்கவேண்டும் என்று அறிந்தவள். அவள் அப்போது செய்தது பகையால் அல்ல, மரியாதையால். அதனால்தான் அது அத்தனை கூர்மையாக இருந்தது.

"உங்க வீட்ல தோலு உள்ள வராதுனு தெரியும்மா," என்று சொல்லித் தன் பையை ஆணியில் மாட்டினாள். பிறகு கையை நீட்டினாள். "உன்னுதையும் குடு ஜ்வாலா, மாட்டிடறேன்."

வலப்புறம் தாய். இடப்புறம் எதிரி. நடுவில் சொட்டச் சொட்ட நின்ற ஜ்வாலாமாலினியின் கைகளில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு விதி. உள்ளே எடுத்துச் சென்றால் அது ரெக்சின். நாளை மாடிப்படி முழுக்கச் சிரிக்கும், தேர்வு முடியும் வரை சிரிக்கும். வெளியே மாட்டினால் அது தோல். பையும் போகும், தாயின் நம்பிக்கையும் போகும். வீரர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் வானத்தைப் பார்ப்பார்கள். அவள் ஆணியைப் பார்த்தாள். பையை அதில் மாட்டினாள்.

இரண்டு வார்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு தொங்கின.

"அதை ஏன்டி வெளிய மாட்ற?" என்றாள் ராஜமதி அம்மாள்.

திரௌபதி சற்று வியந்தாள். "அதுவும் தோலுதானேங்க."

தாய் மகளை நோக்கினாள். அந்த நோக்கில் அரிசி டிரம் இருந்தது, அதன்மேல் அந்தப் பை தூங்கிய இரவுகள் எல்லாம் இருந்தன, அந்த அரிசியில் பொங்கிச் சாமிக்கு வைத்த பொங்கலும் இருந்தது.

"இன்னாடி இது? தோலா?"

அவள் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"தோலுதாம்மா," என்றாள் ஜ்வாலாமாலினி. ஓர் ஊரையே ஆளும் அரசிபோல் சொல்ல நினைத்தாள். குரல் சளி பிடித்தவள்போல் வந்தது.

"அப்ப அந்த மூர்த்தி நம்மள ஏமாத்திட்டானா?"

இப்போது நாயகி தலையசைக்கவேண்டும். தலையசைத்தால், எந்தப் பாவமும் அறியாமல் தேரடியில் சீட்டு தைத்துக்கொண்டிருக்கும் ஒருவன் நாளைக் காலை கடைவாசலில் வைத்து அவமானப்படுவான். அவள் தலை அசைய மறுத்தது. ஆனால் மறுத்ததை யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் ராஜமதி அம்மாள் ஏற்கெனவே உள்ளே போய், முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியோடு திரும்பியிருந்தாள்.

கையால் தொடலாகாது; எனவே தொரட்டி. மகளின் பையைக் கோத்துத் தெருவில் எறிவதே அவள் நோக்கம். விருந்தினரின் பையைத் தீண்டும் எண்ணம் அவளுக்குக் கனவிலும் இல்லை. தொரட்டியை ஈட்டிபோல் ஏந்தி, கண்ணிமைக்காது குறிபார்த்து, முருங்கை மரத்தின் உச்சிக் கிளையையும் தப்பவிடாத அந்தக் கை, கொக்கியைக் காப்பிக்கொட்டை நிற வாருக்குள் நுழைத்து ஒரே சுழற்சியாகச் சுழற்றியது. பின்னிக்கிடந்த வார்களை அவள் பார்க்கவில்லை. இரண்டு பைகளும் ஆணியை விட்டு, இணைபிரியாத பறவைகள்போல் வாசல் மழையில் எழுந்து, ஒரு வட்டமடித்து, தொட்டிக்குள் விழுந்தன.

"அம்மா, அது என்னுதுங்க," என்றாள் திரௌபதி.

அலைகள் அடங்கின. மூவரும் குனிந்தார்கள். கடலைக் கடைந்தபோது எது முதலில் வந்ததோ நமக்குத் தெரியாது. இந்தத் தொட்டியிலிருந்து முதலில் வந்தது கருப்புச் சாயம். சென்னையில் வாங்கிய அசல் தோல், மையைக் கொட்டினாற்போல் தண்ணீரை நிறம் மாற்றிக்கொண்டு, கனத்து, சுருங்கி, அடியில் போய் உட்கார்ந்தது. காப்பிக்கொட்டை நிறப் பையோ வாத்துபோல் நிமிர்ந்து மிதந்தது. அதன் முதுகில் மழைத்துளிகள் முத்துமுத்தாக நின்று, உருண்டு, ஒட்டாமல் ஓடின. பூட்டு வாயைத் திறந்துகொள்ள, உள்விரிப்பும் அட்டையும் மட்டும் கஞ்சியில் போட்ட அப்பளம்போல் ஊறின.

ராஜமதி அம்மாள் ஒரு விரலை நீட்டினாள். நகத்தால் கீறினாள். விரலை முகர்ந்தாள். அவள் முகத்தில் பொழுது விடிந்தது.

"ரெக்சின்தானேடி இது. அந்தப் பையன்கிட்ட சண்டைக்குப் போக இருந்தேனே." பிறகு நிமிர்ந்து, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். "எதுக்கு தோலுன்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நாகரிக உலகில் பிறக்கவில்லை. ராஜமதி அம்மாளும் வற்புறுத்தவில்லை. ஈரத் தலையோடு நிற்கிறீர்களே என்று துண்டு எடுத்துவர உள்ளே போனாள்.

வாசலில் இரு வீராங்கனைகளும் தனித்து நின்றார்கள். ஒருத்தியின் பொய் தண்ணீரில் மிதந்தது. மற்றவளின் உண்மை சாயம் போய் அடியில் கிடந்தது. திரௌபதி தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுத் தன் பையை எடுத்தாள். அவள் விரல்கள் கருப்பாயின. அவள் சிரிப்பாள் என்று ஜ்வாலாமாலினி காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

"எங்க அப்பா அசல்னு சொல்லித்தான் வாங்கியாந்தாரு," என்றாள் திரௌபதி. "சாயம் போனத யார்கிட்டயும் சொல்லிடாத. நானும் உன்னுத சொல்ல மாட்டேன்."

இவ்வாறு, முரசு அறையாமலும் ஓலை எழுதாமலும், கால் கழுவும் தொட்டியை நடுவில் வைத்து, இரு பேரரசுகளுக்கும் இடையே உடன்படிக்கை ஆயிற்று. மறுநாள் பொழுது விடிந்தது. மழை ஓய்ந்து மலையின் உச்சி துலங்கியது. தேரடித் தெருவில் கடைகள் திறந்தன. மாடியில் இயந்திரங்கள் வரிசையாக அணிவகுத்து நின்றன. அவற்றின் முன்னே அமர்ந்திருந்த கன்னியர், தோள் உயர்த்தி நடக்கும் அந்த நடையையும், முன்னால் வந்து அமரும் அந்த வாசனையையும், 'டிக்' என்னும் அந்த ஓசையையும் எதிர்நோக்கி, விசைகளின் மேல் வைத்த விரல்களை அசைக்காமல் படிக்கட்டையே பார்த்திருக்க, காலடிகள் ஒன்றல்ல இரண்டாய்க் கேட்டு நெருங்க, நாயகியும் எதிரியும் தோளோடு தோள் சேர்ந்து மேலேறி வாயிலில் தோன்றினார்கள்.

இரண்டு பேரும் மஞ்சப்பை கொண்டுவந்திருந்தார்கள்.