மச்சினன் வேகப்படுத்திய ரேடியோ

வடகரப்பதி,
ஆவணி மாதம், 1974.

கோவையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிரஞ்சீவி மைத்துனன் கந்தப்பனுக்கு, மச்சான் சென்னிமலை எழுதிக்கொண்டது. இங்கு நான், உன் அக்காள், மாடு கன்று அனைவரும் சுகம். சுகமில்லாதது நீ கைவைத்த ரேடியோ ஒன்றுதான். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. பிறத்தியார் பொருளைப் பிரித்துப் போடுகிறவன் நன்றாகத்தான் இருப்பான்.

கடலைக்காயில் சுருள்பூச்சியை ஒழிப்பது பற்றி நான் பேசியதை வானொலிக்காரர்கள் என் காட்டுக்கே வந்து பதிவு செய்துகொண்டு போனது உனக்குத் தெரியும். என் குரல் வெளியே எப்படிக் கேட்கும் என்று இந்த வயதுவரை எனக்குத் தெரியாது. அதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில்தான், நம் ரேடியோ திருகினால் வாய் திறக்க வெகுநேரம் ஆகிறதே, அதற்குள் என் பேச்சே முடிந்துவிடுமே என்று உன்னிடம் போய்ச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "வால்வு பழசாயிருச்சுங்க மச்சான், மாத்திப் போட்டா பட்டுன்னு பேசுமுங்க" என்றாய். மாற்றினாய். புது வால்வைப் பழைய டிரான்ஸ்பார்மர் தாங்காது என்றாய். பெரிய டிரான்ஸ்பார்மர் உள்ளே அடங்காது என்று பின்பலகையைக் கழற்றி எறிந்தாய். ஸ்பீக்கரும் சின்னதாம், பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து, இடமில்லாமல், உன் அக்காளின் மண்பானை வாயில் வைத்துக் கட்டினாய். ஏரியல் கம்பியைத் தென்னைமரம் வரை இழுத்தாய். அதில் இப்போது சேலை காய்கிறது. நடுப்பகலில் திருகிக் காட்டினாய், பட்டென்று பேசியது. நானும் பல்லை இளித்தேன்.

பேச்சு வருகிற சாயங்காலம் ஊரையே அழைத்து வாசலில் பாய் விரித்தேன். அன்று பகலெல்லாம் கரண்டு இல்லை, பொழுது சாயும்போதுதான் வந்தது. வந்து உட்கார்ந்த அத்தனை பேரும் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்! கேட்டால், "ஏனுங்க, ரேடியோ கேக்கற நேரத்துல தண்ணியாச்சும் பாயட்டுமுங்க" என்கிறார்கள். ஊர் மோட்டார் எல்லாம் ஒன்றாக இழுத்தால் வோல்ட்டேஜ் எங்கே இருக்கும்? விளக்கு மின்மினிப்பூச்சி ஆகிவிட்டது. உன் புது வால்வு சூடேறிச் சிவக்கவே இல்லை. டிரான்ஸ்பார்மர் மட்டும் முனகியது. அந்த முனகலைப் பானை வாங்கி ஒப்பாரி வைத்தது. "மோட்டாரை நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். ஆளுக்கொரு காட்டுக்கு ஓடினார்கள். அவர்கள் ஓடி நிறுத்தியதும் ரேடியோ வாய் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னது: "வணக்கம்." அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. அது நான் சொன்ன வணக்கமா, பேட்டி எடுத்தவர் சொன்னதா என்று உன் அக்காளுக்கே தெரியவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது மாப்பிள்ளை.

மளிகைக்கடை மொய்தீன் ராவுத்தர் பாட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரில் முழுப் பேச்சையும் கேட்டாராம். "தொண்டை கணீர்னு இருந்துச்சுண்ணே, நடுவுல மட்டும் கொஞ்சம் இருமிட்டீங்க" என்கிறார். என் இருமல்கூட அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? வோல்ட்டேஜ் இல்லாத ஊரில் வால்வை மாத்தறவன், தண்ணியில்லாத கெணத்துக்குப் பெரிய வாளி வாங்கறவன்டா! இனி என் வாசலை மிதிக்காதே. தீபாவளிக்கும் வர வேண்டாம். உன் சாமான்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், ஆள் விட்டு எடுத்துக்கொள்.

வயதில் மூத்தவனாகப் போய்விட்டேன், வாழ்த்தாமல் முடிக்கக் கூடாது. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், என் வீட்டுப் பொருளைத் தவிர.

இப்படிக்கு,
உன் அக்காளைக் கட்டிய பாவி,
சென்னிமலை

பி.கு.: என் பேச்சை வருகிற வியாழக்கிழமை மறுபடியும் வைக்கிறார்களாம். ராவுத்தர் டிரான்சிஸ்டரை வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டினார். "என்ற மச்சினன் கைபட்ட ரேடியோ ஊட்டுல இருக்கறப்ப, இந்த டப்பா எனக்கெதுக்குங்க?" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். ஆகையால் புதன்கிழமையே வந்து சேர். வோல்ட்டேஜைத் தூக்கிவிடுகிற பெட்டி என்று ஒன்று இருக்கிறதாமே, அதையும் கொண்டு வா.