மாரப்பனுக்கு நான் கொடுத்த தீர்ப்பு

கதையில் வரும் ஆளைத் திட்டுவது மாதிரி சுகமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. அவன் திருப்பித் திட்டமாட்டான். வாசலில் வந்து நியாயம் கேட்கமாட்டான். அவன் பெண்டாட்டி கோயிலில் நம்மைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாள். பத்தொன்பது வயதில் நான் அந்த வேலையைத்தான் முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். (சம்பளம் இல்லை. திமிர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.)

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர், மலையாள மண்ணில் இருக்கும் தமிழ் ஊர். கனால் தண்ணீரை நம்பி நெல், ஊர் நடுவில் ஒரு வாயனசாலை. நூலகம் என்று சொன்னால் எங்கள் ஆட்களே "அது எங்கீங்க இருக்குது?" என்பார்கள். அந்தத் தை மாதம் வாயனசாலை ஆண்டுவிழாவுக்குக் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், முதல் பரிசு வாங்கியவர் மேடையில் படிக்க வேண்டும்.

காலேஜில் எங்கள் தமிழ்ப் பாடத்தில் ஒரு கதை இருந்தது. மாரப்பன் என்று ஒரு விவசாயி. பக்கத்து வயலில், புருஷன் இல்லாத ஒரு பெண்ணின் பயிர் காய்கிறது. மாரப்பன் விடியற்காலையில் போய், இன்னொருத்தன் முறையில் ஓடுகிற தண்ணீரை அவள் வயலுக்குத் திருப்பிவிடுகிறான். கேட்டவர்களிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதெப்படி? முறை என்றால் முறைதானே? இன்னொருத்தன் தண்ணீரை எடுத்துத் தானம் பண்ண இவன் யாரு?

எழுத உட்கார்ந்துவிட்டேன். "கருணை என்னும் போர்வைக்குள் படுத்திருப்பது களவே! மாரப்பா, நீ தண்ணீரைத் திருப்பவில்லை, தர்மத்தையே திருப்பினாய்!" என்று ஒரு வரி. அதை எழுதியபோது எனக்கே புல்லரித்தது. (அப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் புல்லரிக்கும்.)

அதே வாரம் அப்பாவுக்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷன். அம்மாவும் கூடப் போய்விட்டாள். கிளம்பும்போது அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

"செவ்வாக்கெழம வெடியால நம்ம மொறை, அம்மிணி. மம்பட்டிய எடுத்துட்டுப் போயி மடையத் தொறந்து உட்டுரு. கதிரு பால் புடிக்கற சமயம். இந்தத் தண்ணி தப்புச்சுதுன்னா அத்தனையும் பதராப் போயிரும்."

"நாம் பாத்துக்கறனுங்ப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன்.

செவ்வாய்க்கிழமை எழுந்தேன், அதில் குறை சொல்ல முடியாது. இருட்டிலேயே எழுந்தேன். முடிவுரையை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று விளக்கைப் போட்டேன். முடிவுரை என்னை விடவில்லை. "கடமையை மறந்தவன் கருணை பேசலாமா?" என்ற வாக்கியத்தில் கேள்விக்குறியா ஆச்சரியக்குறியா என்று ஒரே யோசனை. கடைசியில் இரண்டையும் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் வெயில். பாலூற்றப் போனவர்கள் காலிக் கேனோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

 முறை நேரத்தில் நம் ஆள் போய் மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் நேராக அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த முறைக்குத்தான். மம்பட்டியைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

வயலில் தண்ணீர் தளும்பி நின்றது. வரப்பில் முழங்கால் வரை சேறோடு ரங்கசாமி மாமா. சொந்தமெல்லாம் இல்லை, பக்கத்து வயல்காரர். அவர் வயலைத் தாண்டித்தான் எங்களுக்குத் தண்ணீர் வரும். வயல்காரர்கள் சமிதிக்கு அவர்தான் செக்ரட்டரி. யாருக்கு எப்போது தண்ணீர் என்று அவர் சொன்னால் ஊரே கேட்கும்.

"தண்ணி பாஞ்சுருச்சுங்க அம்மிணி. நீங்க ஊட்டுக்குப் போங்க. வெளக்கு எரிஞ்சுதே, பரிச்சைக்குப் படிச்சீங்களாட்டம் இருக்குது?"

"ஆமாங் மாமா, ரொம்ப நன்றிங்க மாமா!"

எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. எங்கள் முறையில் சரியாகத் திறந்துவிட்டிருப்பார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, அடுத்த பத்திக்கு ஓடி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, வயிற்றில் கை வைத்தபடி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் முதல் பரிசு, ஒரு சுவர்க்கடிகாரம். (எழுதியதே மூன்று பேர். அதில் ஒருத்தர் தென்னைக்கு உரம் வைப்பது எப்படி என்று எழுதியிருந்தார்.) கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கில் முழங்கினேன்.

வழக்கமாக எங்கள் ஊரில் கட்டுரை படித்தால் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அன்று ஒருத்தரும் அசையவில்லை. "தண்ணீர்க் களவு" என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அடேயப்பா, நம் எழுத்துக்கு இவ்வளவு மகிமையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

படித்து முடித்ததும் வேலுச்சாமி அண்ணன் எழுந்தார். கனால் முறையில் எங்களுக்கு அடுத்தவர்.

"இதத்தானுங்க நானும் ஒரு வாரமாக் கேக்கறேன்! செவ்வாக்கெழம என்ற மொறையில பாதித் தண்ணி எங்கீங்க போச்சு? அம்மிணி பேர மாத்தி மாரப்பன்னு எழுதியிருக்குது. ஆளு யாருன்னு நம்ம எல்லார்த்துக்கும் தெரியுமுங்க!"

"இல்லீங்ணா, இது கதைங்ணா, பாடத்துல..." என்று இழுத்தேன்.

"கதையில்லீங்க அம்மிணி. நடந்ததுங்க. மடை ரங்கசாமிண்ணன் வயப் பக்கம் திரும்பியிருந்ததை நாம் பாத்தேன். வெயில் வர்ற வரைக்கும் என்ற பக்கம்தான் தண்ணி ஓடிட்டிருந்துது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் வந்தபின் திருப்பிய தண்ணீர். எங்கள் முறை அதற்கு முன்னாலேயே முடிந்து போயிருந்தது. நான் ஆச்சரியக்குறி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் போனது. எங்கள் கதிரைக் காப்பாற்ற மாமா வேலுச்சாமி அண்ணன் தண்ணீரை எடுத்திருக்கிறார்.

கூட்டத்தின் ஓரத்தில் ரங்கசாமி மாமா எழுந்து நின்றார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க. நாந்தானுங்க திருப்புனேன். தப்புத்தானுங்க. அம்மிணி எழுதியிருக்கறது சரிதான். செக்ரட்டரி வேலைய நாளைக்கு வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

யார் வயலுக்கு என்று அவர் சொல்லவில்லை. தன் வயலுக்குத்தான் திருப்பிக்கொண்டார் என்று ஊரே நினைத்தது. என் கையில் மைக் இருந்தது. மாரப்பன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை என்பதற்காக அவனை ஒரு பக்கம் முழுக்கக் கிழித்திருந்தேன். இப்போது என் முறை. ஒரே ஒரு வாக்கியம் போதும், "அது எங்க வயலுக்குங்க, நாந்தான் தூங்கிட்டேன்" என்று. (தூங்கவில்லை, அதைவிடக் கேவலம்.)

"நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுது தீர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார்.  திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்.

"ஊருல சொல்லறேன்னேன். ஆகாதுங்கறாரு. 'அப்பன் ஆஸ்பத்திரியில கெடக்கையில தண்ணி கட்டாத புள்ளைன்னு பேரு வந்துருமுங்க, நாளைக்குக் கட்டிக்குடுக்கோணுமில்ல'ங்கறாரு. எனக்கு அவரு மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல."

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த அறுவடையில் எங்களுக்கு நெல் நன்றாகவே வந்தது. 

செக்ரட்டரி வேலை வேலுச்சாமி அண்ணனுக்குப் போனது. ரங்கசாமி மாமாவுக்கு ஊர் ஒரு பேர் வைத்தது, மாரப்பன். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முன்னாலேயே. என் கல்யாணப் பந்தியில் அவரே மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த மாரப்பன் சொல்லறதக் கேட்டுக்கங்க மாப்ள, அம்மிணிய மேடையேத்துங்க, மடைக்கு மட்டும் அனுப்பிராதீங்க" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லீவுக்கு ஊருக்குப் போனால் என் மகள் அவர் மடியிலேயே கிடக்கிறாள். "மாரப்பன் தாத்தா"தான் அவளுக்கு. அவரும் "என்னங் கண்ணு?" என்கிறார். அது அவருடைய சொந்தப் பேர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால், பிறகு யாரம்மா அந்தப் பேர் வைத்தது என்று கேட்பாள்.