ஒன்றுக்குப் பிறகு பத்து

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மச்சான் கிறிஸ்ரிக்கு,

மெல்பேர்னில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இங்கு நாங்களும் சுகம். உன் அக்கா இமெல்டாவும் சுகம்தான், என்னோடு மட்டும் கதைப்பதில்லை. காரணம் நீ பாட்டு ஏற்றி அனுப்பிய டிஸ்க்.

நேற்று நம் மகள் டில்ஷானிக்கு மோதிரம் மாற்றும் நாள். மாப்பிள்ளை டிலானுக்கு ஊர் வெள்ளவத்தை, தங்கமான பையன். அவனுடைய தாய் பெர்னதெத் ரீச்சர் கோயில் பாடகர் குழுவை நடத்துபவர். தாளம் கொஞ்சம் பிசகினாலும் பூசை நடுவிலேயே திரும்பி முறைப்பவர். அதனால்தான் போனில் பாட்டு வேண்டாம் என்றேன். ஃபாதர் மோதிரத்தை மந்திரிக்கும்போது விளம்பரம் வந்து சவர்க்காரம் விற்றால் என்ன செய்வது? உன் டிஸ்க்கை என் பழைய பிளேயரில் போட்டால் 'டிஸ்க் இல்லை' என்று காட்டியது. திருப்பிப் போட்டேன், சாரத்து நுனியால் துடைத்துப் போட்டேன், ஒரு அருள்நிறை மரியே சொல்லியும் போட்டேன். உள்ளே கிடப்பதையே இல்லை என்று சாதிக்கிறது. முன்வீட்டு ஸாலிஹ் நானா பார்த்துவிட்டு, இதில் இருப்பது கொம்பியூட்டரில் ஏற்றிய எம்பி3, உங்கள் பிளேயருக்குப் பழைய பாட்டு சிடி மட்டும்தான் தெரியும் என்று சொல்லி, தன்னுடைய பிளேயரையே தூக்கி வந்து வைத்தார். முதல் பாட்டு அருமையாகப் பாடியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

நேற்றும் முதல் பாட்டு நன்றாகவே முடிந்தது. ரீச்சர்கூடத் தலையசைத்தார். ஃபாதர் மோதிரங்களுக்கு மேலே கையை உயர்த்தினார். மாதா பாட்டு வரவேண்டிய இடத்தில் ஆட்டம்போட வைக்கும் பைலா வந்தது, கிறிஸ்ரி. ரிமோட்டில் அடுத்த பாட்டுக்கு அமுக்கினேன், அதைவிட வேகமான பைலா. மறுபடி அமுக்கினேன், றபான் மேளத்து அடியோடு இன்னொன்று. நான் தப்பி ஓட ஓடப் பார்ட்டி சூடுபிடிக்கிறது. உன் அக்கா, "பிளக்கைக் கழட்டுங்கோ" என்றாள். கழற்றினேன், ஃபேன் நின்றது. ஃபாதரின் கை மேலேயே இருந்தது. அது தாளத்துக்கு ஆடியதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ரீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் இரண்டும் குலுங்கின. அதைப் பார்த்து டில்ஷானி அழத் தொடங்கினாள்.

ஸாலிஹ் நானாதான் பிறகு விளக்கினார். "பாட்டுப் பேருக்கு முன்னால இருக்கிறத இது நம்பர் எண்டு பாக்காது நிக்கலஸ், எழுத்தாத்தான் பாக்கும். ஒண்டுக்குப் பொறகு பத்துதான் வரும்." நீ ஒன்று முதல் ஒன்பது வரை கோயில் பாட்டு, பத்திலிருந்து பைலா என்று ஏற்றியிருக்கிறாய். ஒன்றுக்கு முன்னால் ஒரு சைபர் போட்டால் கை தேய்ந்துவிடுமா?

ஒருவழியாக மோதிரம் மாற்றினோம். ஆனால் ரீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை, கேக்கைத் தொடவில்லை, போய்விட்டார். இன்னும் போன் இல்லை. இந்தச் சம்பந்தம் குழம்பினால் என் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உண்மையில் பயமாக இருக்கிறது மச்சான். அந்த டிஸ்க் இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது. இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கலியாணம் என்று ஒன்று நடந்தால் வெறுங்கையோடு வா. வராவிட்டால் இன்னும் நல்லது.

மாதாவின் ஆசீர் பிள்ளைகளுக்கு நிறைய, உனக்குக் கொஞ்சம்.

இப்படிக்கு,
உன் அத்தான்
நிக்கலஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரீச்சரே வந்துவிட்டார். முகத்தை மூடியது சிரிப்பை அடக்கத்தானாம். வாய் திறந்தால் ஃபாதர் முன்னால் வெடித்துவிடும் என்றுதான் கேக்கையும் விட்டுவிட்டு ஓடினாராம். டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "கலியாணத்துக்கும் இதையே போடுவம். பாட்டு வாற ஒழுங்கை மாத்தாதேங்கோ" என்றார். ஆகவே உறைக்குள் தேடாதே, மட்டை மட்டும்தான் இருக்கும். நீ கட்டாயம் வா. வரும்போது ஃபாதருக்கும் ஒன்று ஏற்றிக்கொண்டு வா, கேட்டாராம். சைபர் போட்டுவிடாதே.