பாலத்தருகே கைமாறிய ரிக்‌ஷா

ஈப்போவுக்கு வந்து சேர்ந்த மூன்றாம் வாரமே நான் அந்த நகரத்தில் பிரபலமாகிவிட்டேன். பெரிய மனிதர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டு, கோயில் கட்டி, பள்ளிக்கூடம் திறந்து சம்பாதிக்கிற பெயரை, நான் ஒரே காலையில் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சம்பாதித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காரியங்கள் செய்து பார்த்துவிட்டேன். அந்தப் பெயரை மட்டும் அழிக்க முடியவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ரப்பருக்கு நல்ல விலை. என் அக்கா பாக்கியத்தின் வீட்டுக்காரர், மச்சான் சோமசுந்தரம், குனோங் ராப்பாட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணி. கணக்கு வழக்கெல்லாம் அவர் பொறுப்பு. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய என்னை, அவர்தான் ரயிலில் அழைத்து வந்து தோட்டத்து வீட்டில் சேர்த்தார். தன்னுடைய வெள்ளைக்கார துரையிடம் சொல்லி, ஈப்போ பழைய டவுனில் ரப்பர் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் சின்னக் கிராணி வேலையும் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் என்னைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள்.

"தம்பி, இது எங்க தொரை வாய்ச்சொல்லுல கிடைச்ச வேலை. நீ அங்க கோளாறு பண்ணினா, இங்க அவரு என் மூஞ்சியப் பார்ப்பாரு. அப்புறம் நானும் உன்னோட சேர்ந்து மூட்டை கட்டணும்லா" என்று மச்சான் தினமும் காலையில் சொல்லி அனுப்புவார். (கோயிலுக்குப் போகிறவனுக்குத் திருநீறு பூசுவதுபோல, எனக்கு இந்த வாக்கியம்.)

வேலை எனக்குப் பயமில்லை. வேலைக்குப் போய்ச் சேருவதுதான் பயம். தோட்டத்து மண்பாதையிலிருந்து பெரிய ரோட்டுக்கு நடந்து, சிம்பாங் பூலாய்ப் பக்கமிருந்து வரும் மோட்டார் பஸ்ஸைப் பிடித்து, புது டவுனில் இறங்கி, கிந்தா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பழைய டவுனுக்குள் போக வேண்டும். ஊரில் நான் ஏறியிருந்த வண்டிகளுக்கெல்லாம் முன்னால் மாடு இருந்தது. ஈப்போவிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் மோட்டார், சைக்கிள், ரிக்‌ஷா. கடைப் பலகைகளில் சீன எழுத்து. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் மலைகள். ஒரே மாதிரி இருக்கிற மலைகளைப் பார்த்து வழி கண்டுபிடிக்க முயன்று, முதல் வாரத்தில் இரண்டு தடவை சந்தைக்குள் போய்விட்டேன்.

மலாய் மொழியில் எனக்கு அப்போது தெரிந்தது இரண்டே இரண்டு. முடியாது என்றால் 'தா போலே'. சீக்கிரம் என்றால் 'செப்பாட்'. இதில் செப்பாட் உடனே மனதில் தங்கிவிட்டது. சாப்பாடு மாதிரி இருந்ததல்லவா!

அந்தக் காலை பினாங்கிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வருகிறார். எட்டு மணிக்கு எல்லாரும் நாற்காலியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. மச்சானின் கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, தலைப்பாகை, கையில் குடை எல்லாம் சகிதமாக விடியும்போதே ரோட்டுக்கு வந்துவிட்டேன். (மச்சான் என்னைவிட இரண்டு சுற்று பெருத்தவர். கோட்டுக்குள் நான் இருக்கிறேனா என்று கையை விட்டுத்தான் தேட வேண்டும்.)

ஒரு பஸ் வந்தது. நிற்காமலேயே போயிற்று. படியில் தொங்கியவன், "பெனோ! பெனோ!" என்று கத்தினான். சரி, இது பெனோ என்ற ஊருக்குப் போகிற பஸ், நம்முடையது இல்லை என்று நிம்மதியாக நின்றேன். அடுத்த பஸ்ஸும் பெனோ. அதற்கடுத்ததும் பெனோ. அந்த ஊரில் அன்றைக்கு ஏதோ திருவிழா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், ராவுத்தர், வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, ஒரு பஸ்ஸையும் கைகாட்டி நிறுத்த மாட்டேங்கிறீங்க?"

"நான் ஈப்போவுக்குல்ல போவணும் அண்ணே. இதெல்லாம் பெனோவுக்குப் போவுது."

ராவுத்தர் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். "பெனோன்னா ஊரில்ல தம்பி. ஆளு நிறைஞ்சு போச்சுன்னு சொல்றான். கையக் காட்டினா எப்படியாச்சும் திணிச்சுக்குவான்லா!"

அந்த நேரம் பார்த்து, யாரையோ இறக்கிவிட்டுவிட்டு டவுனுக்குத் திரும்பும் ரிக்‌ஷா ஒன்று வந்தது. இழுப்பவர் நடுவயதுச் சீனர். ஒல்லியான தேகம், தலையில் ஓலைத் தொப்பி. பெயர் ஆ லோக் என்பது பிற்பாடு தெரிந்தது. ராவுத்தர்தான் அவரிடம் மலாயில் பேசி இடம் சொல்லி என்னை ஏற்றிவிட்டார்.

மனிதர் இழுக்கிற வண்டியில் நான் தனியாக ஏறியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் கூச்சமாக இருந்தது. பிறகு நேரம் நினைவுக்கு வந்ததும் கூச்சமெல்லாம் பறந்துவிட்டது. "செப்பாட்! செப்பாட்!" என்று கத்த ஆரம்பித்தேன். வேறு வார்த்தை தெரியாததால் மூச்சு விடாமல் அதையே கத்தினேன். ஆ லோக் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ராத்திரி பெய்த மழையில் ரோடு செம்மண் குழம்பாகக் கிடந்தது. புது டவுனைக் கடந்து, பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர் கால் வழுக்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார். வண்டி முன்னால் சாய, நான் அவர் முதுகின்மேலே போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால் அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். கண்ணெதிரே வீங்கிக்கொண்டு வருகிறது.

"தா போலே" என்றார். எனக்குத் தெரிந்த மற்றொரு வார்த்தை.

உண்மையைச் சொல்கிறேன், குடையை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் போயிருப்பேன். திரும்பிப் பார்த்தேன். தூறல் போட ஆரம்பித்திருந்தது. ரிக்‌ஷாவின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்தபடி, பழைய டவுன் பக்கம் கைகாட்டி ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். விரட்டியது நான்தானே! அந்த ஒரு நினைப்பு என்னைத் திரும்ப நடக்க வைத்தது.

அவரைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தேன். கோட்டின் கையைச் சுருட்டினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சினேன். ரிக்‌ஷாவின் இரண்டு இழுவைக் கட்டைகளுக்கும் நடுவே நின்று, முருகா என்று தூக்கினேன்.

ரிக்‌ஷா இழுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, அது எனக்குத் தெரியாது. கட்டைகளை அதிகமாகத் தூக்கினால் பாரம் பின்னால் போய்விடும். போயிற்று. ஆ லோக் வானத்தைப் பார்த்தபடி மல்லாந்தார். நான் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினேன். நடைபாதையில் பழம் விற்ற சீன அம்மாள் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளே எழுந்து வந்து என் காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டாள்.

இரண்டாம் தடவை வண்டி நகர்ந்தது. பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. தலைப்பாகை அவிழ்ந்து விழுந்ததை ஆ லோக் எட்டிப் பிடித்தார். மழையில் நனையக்கூடாதென்று அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். என் குடையையும் விரித்துக்கொண்டார். வலி சற்று மட்டுப்பட்டிருக்க வேண்டும், ஒரு சிகரெட்டையும் பற்ற வைத்தார். அதன் பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"செப்பாட்! செப்பாட்!"

பாலம் தாண்டி இறக்கம். அதுவரை ரிக்‌ஷாவை நான் இழுத்தேன். இப்போது ரிக்‌ஷா என்னைத் தள்ளியது. நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாலத்து முனையில் நின்ற பஞ்சாபிப் போலீஸ்காரர் கையை நீட்டி மறித்தார். நான் கும்பிட முடியாத நிலையில் தலையால் கும்பிட்டுக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினேன். அவரும் விசில் ஊதிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் மழையென்றும் பாராமல் தெருவுக்கு இறங்கி வந்து பார்த்தார்கள்.

கம்பெனி வாசல். மோட்டார் கார் நிற்கிறது. படியில் பெரிய துரை, சின்ன துரை, தலைமைக் கிராணி மூவரும். அன்றைக்கு ரயிலேற்ற வேண்டிய ரப்பர்க் கட்டுகள் வாசலோரம் அடுக்கியிருந்தன. நேராக அதில் போய் மோதினேன். ரப்பர் ஆயிற்றே, அடி படவில்லை. ஆ லோக் மட்டும் இருக்கையிலிருந்து கிளம்பி, கட்டுகளின் உச்சியில் போய் உட்கார்ந்தார். விரித்த குடை விரித்தபடி, தலைப்பாகை தலைப்பாகையாக.

நான் மூச்சிரைக்க, என் புத்தம்புது ஆங்கிலத்தில், "குட் மார்னிங் சார்" என்றேன்.

தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐசே, உமக்கென்ன விசரே? உம்மை இப்பவே தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்த வேணும்!" என்றார். (பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்த ஊர் அது.)

அதற்குள் போலீஸ்காரரும் வந்துவிட்டார். ரிக்‌ஷா இழுக்கிற லைசென்ஸ் எங்கே என்று என்னைக் கேட்டார். நான் முழித்தேன். கட்டுகளின் மேலிருந்து ஆ லோக் மலாயில் நடந்ததையெல்லாம் விவரித்தார். செப்பாட் என்ற இடத்தில் என் குரலிலேயே கத்திக் காண்பித்தார். கூட்டம் சிரித்தது. போலீஸ்காரர் தாடிக்குள்ளே சிரித்தார். பெரிய துரை மட்டும் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

ஆ லோக்கை அவருடைய கூட்டாளிகள் வந்து அழைத்துப் போனார்கள். நான் ஈர வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து, கப்பல் எந்தக் கிழமை புறப்படும் என்று யோசித்தபடியே அன்றைய பொழுதைக் கழித்தேன். எனக்கு வேலை போவது பெரிதில்லை. மச்சான் தன் துரை முன்னால் தலைகுனிந்து நிற்பதுதான் கண்முன்னே வந்து வந்து போயிற்று. சாயங்காலம் தலைமைக் கிராணி கூப்பிட்டார்.

"பெரிய தொரை சொல்லிப்போட்டுப் போறார். உம்மை இனிக் கந்தோருக்குள்ள, மேசையில இருத்த வேண்டாமாம்."

என் முகம் செத்துப்போனதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது.

"நல்லா ஓடுறீராம். வெளி வேலைக்குப் போடட்டாம். ஸ்டேஷன், கிடங்கு, பத்து காஜா டவுன், எல்லா இடமும் நீர்தான் போய்ச் சரக்குப் பார்க்க வேணும். சைக்கிள் தருவினம். அதையாவது ஏறி மிதியும்."

வீட்டுக்கு வருமுன்பே செய்தி வந்துவிட்டது. பஸ்காரன் ராவுத்தரிடம் சொல்ல, ராவுத்தர் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அக்கா வாசலிலேயே, "கப்பலேறி வந்து ரிக்‌ஷாவாடா இழுத்தே?" என்று அழுதாள். பிறகு நான் அந்தரத்தில் தொங்கியதைச் சொன்னதும் அழுகை சிரிப்பாக மாறி அடங்கவே இல்லை. மச்சான் சாப்பிட்டு முடித்தார். கை கழுவும்போதுதான் கேட்டார்: "கோட்டு கிழியலையே?"

அந்தச் சைக்கிளில்தான் ஈப்போவை நான் என் ஊராக்கிக்கொண்டேன். எந்தச் சந்தில் மழைக்கு ஒதுங்கலாம், எந்தப் புகைக்கூடத்திலிருந்து ரப்பர் வாசம் வரும், எந்தக் கடையில் காப்பி நன்றாயிருக்கும், எல்லாம் அத்துப்படி. மலைகளைக்கூடப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவேன். வழியில் எங்கே பார்த்தாலும் ஆ லோக் ரிக்‌ஷாவை நிறுத்தி, கட்டைகளை என் பக்கம் நீட்டி, இழுக்கிறாயா என்று தலையசைப்பார்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கோயிலிலிருந்து வீட்டுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் போக, பிடிவாதமாக அவரே ரிக்‌ஷா கொண்டுவந்தார். மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தோம். பாலத்துக்கு முன்னால் அவர் வண்டியை நிறுத்தினார். கட்டைகளைக் கீழே வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்.

புதுப்பெண் நிமிர்ந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "ஏங்க, இவரு ஏன் நின்னுட்டாரு?"

சொல்ல வேண்டியதாயிற்று.

ஆ லோக் காலமாகி வெகுநாளாகிவிட்டது. பாலத்தை அகலப்படுத்திவிட்டார்கள். ரிக்‌ஷாக்களும் இல்லை. என் பிள்ளைகள் கார் ஓட்டுகிறார்கள். ஆனால் இன்றைக்கும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "டவுனுக்குப் போயிட்டு வாரேன்" என்றால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏறிக்கிட்டுப் போறீங்களா, இழுத்துக்கிட்டுப் போறீங்களா?"