மூணுக்கு மூணு தைலமரம்

எனக்குத் தாவரவியலில் பட்டம் இருக்கிறது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு சினைமாட்டைக் கொல்லப் பார்த்தவள் நான்.

கல்யாணமாகி செலியமேட்டுக்கு வந்த புதிது. மாமியாருக்கு நான்கு மாடுகள். அவை மேய, ஊருக்கு வெளியே அரைக் காணி புல்தரை. அதில் தைலமரம் நட்டால் மேலே மரம், கீழே புல், இரண்டும் கிடைக்கும் என்று ஒரு கையேட்டில் படித்தேன். மூன்று நாள் விடாமல் பேசி அத்தையைச் சம்மதிக்க வைத்தேன். (பாவம், படித்த மருமகள் என்று நம்பிவிட்டார்.)

கையேட்டில் இடைவெளி '3 × 3' என்று போட்டிருந்தது. கயிறு கட்டி மூன்றடிக்கு ஒரு குழி எடுக்கச் சொன்னேன்.

"இம்மாங் கன்னு எதுக்குமா?" என்றார் நர்சரிக்காரர்.

"அதெல்லாம் கணக்கு இருக்குங்க" என்றேன்.

மூன்று வருடத்தில் மரங்கள் கூரை உயரத்தைத் தாண்டின. ஆனால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன்தான். வெளிச்சத்துக்காக முண்டியடித்து மேலே ஓடியதில் பருக்க நேரமில்லை போலும். கீழே புல்லுக்குப் பதில் காய்ந்த சருகு. "அடுத்த வருஷம் பாருங்க அத்த" என்று சமாளித்தேன்.

ஒரு காலை, நிறைசினையாக இருந்த சிவப்பியைக் காணவில்லை. தேடிப்போனால் தோப்பின் நட்டநடுவில் நிற்கிறது. மறுகோடியில் தெரிந்த பச்சைக்கு ஆசைப்பட்டு வரிசைக்குள் நுழைந்திருக்கிறது. வயிறு இருபக்கமும் உரச, திரும்ப இடமில்லை. பின்னால் நடக்க மனமில்லை.

"அய்யோ! கன்னு காலு வெளிய வந்துடுச்சுடி!" என்று அலறினார் அத்தை.

என் கணவர் போன் போட்டு மாட்டு டாக்டரை வரவழைத்தார். மாட்டுக்குப் பின்னால் குனியக்கூட டாக்டருக்கு இடமில்லை.

"மொதல்ல மரத்த வெட்டுங்கப்பா!"

அத்தை கொடுவாளை எடுத்தார், நான் கோடாலியை. வாழ்க்கையில் முதல்முறை! இருபது மரம் சாய்ந்த பிறகுதான் சிவப்பி படுத்தது. டாக்டர் இழுத்த இழுப்பில் கன்று சருகின்மேல் வந்து விழுந்து, தும்மியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கை கழுவிக்கொண்டே டாக்டர் கேட்டார்: "இன்னா இடைவெளிமா வுட்டீங்க?"

"மூணு சார். புக்குல போட்டிருந்துச்சு."

"மூணு மீட்டர்மா அது!"

அத்தை மகனைப் பார்த்தார். "மீட்டருன்னா இன்னாடா?"

"மூணு மீட்டர்னா பத்தடிமா."

அத்தை கொடுவாளை மெல்லக் கீழே வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்து நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

அந்த வாரமே குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றுக்கு ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினோம். மிஞ்சியவை அதன்பின்தான் பருத்தன. புல்லும் திரும்பி வந்தது. கையேடு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது!

போன மாதம் நாத்தனார் வளைகாப்பில், பந்திக்கு இலை போட நான் வாழையிலைக் கட்டைத் தூக்கினேன். அவ்வளவுதான், சமையல்கட்டிலிருந்து அத்தை கத்தினார்:

"அவ கையிலேருந்து புடுங்குங்கடி! இல்லன்னா ஒருத்தர் மடியில ஒருத்தரு உக்காந்து துன்னணும்!"